கன்ட்ரோல்-சி அழுத்தினால் உறையும் திரை: சிபியூவை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது

ஆடிப்பெருக்கு நெருங்கிவிட்டால் சிவகாசியில் எங்களைப் போன்ற டிடிபி ஆட்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் அன்றுதான் வெளிவரும். தினசரி காலண்டருக்கான திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் ஒரு விரிதாளில் 365 வரிசையாக வந்து சேரும். அதிலிருந்து எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவது என் வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி.

அந்த வருஷம் என் லேப்டாப் ஒவ்வொரு கன்ட்ரோல்-சிக்கும் நான்கு விநாடி நின்றது. சாளரங்கள் அப்படியே உறைந்துவிடும், சொடுக்கினால் பதில் வராது, ஃபேன் இரைய ஆரம்பிக்கும். பிறகு எதுவும் நடக்காதது போல எல்லாம் நகரும். சிபியூவில் இரண்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்), 8 ஜிபி நினைவகம், உபுண்டு லினக்ஸ், அதில் சாளரங்களையும் பட்டையையும் காட்டும் க்னோம் டெஸ்க்டாப். பழைய மெஷின்தான், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு இதே வேலையை இதே மெஷினில் சிரமமில்லாமல் செய்து முடித்திருந்தேன். விரிதாளைக் குறை சொன்னேன், நினைவகம் போதவில்லை என்று நினைத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன். காரணம் தெரிய மூன்று நாள் ஆனது. வழி தெரிந்திருந்தால் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேண்டுகோள்: உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் தடயம் போய்விடும். சிபியூ ஏறி நிற்கிற அந்த நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம். எந்த ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த ப்ரோக்ராம், சிபியூவைத் தின்கிறது என்பது பாதி விடைதான். எப்போது தின்கிறது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. என் மூன்று நாளும் வீணானது இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான்.

பார்ப்பதற்கு டெர்மினலில் ‘டாப்’ என்ற கட்டளை போதும், எல்லா லினக்ஸிலும் இருக்கும். வண்ணத்தில் வேண்டுமென்றால் ‘ஹெச்டாப்’ நிறுவிக்கொள்ளலாம். டெஸ்க்டாப்போடு வரும் சிஸ்டம் மானிட்டரை இந்த வேலைக்கு நான் திறப்பதில்லை. அதன் வரைபடம் ஓடிக்கொண்டே இருப்பதால் அதுவும் கொஞ்சம் சிபியூவை எடுத்துக்கொள்ளும், நாம் பார்க்கிற எண்ணும் மாறும். டாப் ஓட ஆரம்பித்ததும் வரும் முதல் எண்களை நம்ப வேண்டாம். மூன்று விநாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கும், இரண்டு மூன்று சுற்று போகட்டும். மவுஸ், கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். மவுஸை ஆட்டினாலே டெஸ்க்டாப் திரையை மறுபடி வரைய வேண்டியிருக்கும், அதை வரையும் க்னோம்-ஷெல் என்ற ப்ராசஸின் எண் ஏறும். அது நோயில்லை.

டாப்பில் பலரையும் பயமுறுத்துவது 100% என்ற எண். அது ஒரு கோரின் முழு அளவு, மெஷினின் முழு அளவு இல்லை. டாப் ஒவ்வொரு த்ரெட்டையும் ஒரு கோராகவே எண்ணும், அதனால் நான்கு த்ரெட் உள்ள மெஷினில் ஒரு ப்ராசஸ் 400% வரை போகலாம். எண் 1 ஐ அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனி வரியாக வரும். ஒரு கோர் மட்டும் நிரம்பி மற்றவை சும்மா இருந்தால், ஒரே த்ரெட்டில் ஓடும் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த வித்தியாசம் எனக்குப் பின்னால் கை கொடுத்தது. பெரிய எழுத்து பி அழுத்தினால் சிபியூ வரிசையிலும், பெரிய எழுத்து எம் அழுத்தினால் நினைவக வரிசையிலும் அடுக்கும். சின்ன எழுத்து சி அழுத்தினால் ப்ராசஸின் முழுக் கட்டளையும் தெரியும். ‘பைத்தான்’ என்று மொட்டையாக நிற்பது உண்மையில் எந்த ஸ்க்ரிப்ட் என்று அப்போதுதான் புரியும்.

மேலே சிபியூ வரியில் உள்ள இரண்டெழுத்துகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ‘யுஎஸ்’ ஏறியிருந்தால் நாம் ஓட்டும் ஏதோ ஒரு ப்ரோக்ராம் வேலை செய்கிறது. ‘எஸ்ஒய்’ ஏறியிருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வேலை நடக்கிறது. ‘டபிள்யூஏ’ ஏறியிருந்தால் சிபியூ வேலை செய்யவில்லை, டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. லோட் ஆவரேஜ் என்று வரும் மூன்று எண்கள் கடைசி 1, 5, 15 நிமிஷங்களுக்கானவை. லினக்ஸ் இதில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்துத்தான் எண்ணும். மெதுவான பென் டிரைவில் பெரிய கோப்பு ஏற்றும்போது லோட் 6, 7 என்று நிற்கும், சிபியூவோ சும்மா இருக்கும். அதைப் பார்த்துச் சிபியூவைக் குறை சொல்லக் கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல்-சி அழுத்தினேன். டாப்பும் சேர்ந்து உறைந்தது. டெர்மினல் சாளரத்தைத் திரையில் வரைவதும் க்னோம்-ஷெல்தான், அது நின்றால் எந்தச் சாளரமும் புதுப்பிக்காது. உறைகிற நேரத்தில் உள்ளே நடப்பதை அதே திரையில் பார்க்க முடியாது. இதற்கு வழி, வெளியிலிருந்து பார்ப்பது. வேறு கருவியிலிருந்து உள்ளே நுழைய வழிவிடும் எஸ்எஸ்ஹெச் சர்வரை லேப்டாப்பில் நிறுவினேன், ஃபோனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலி இருந்தது, இரண்டும் ஒரே வைஃபையில். ஃபோனிலிருந்து லேப்டாப்புக்குள் நுழைந்து, அங்கே டாப்பை ஓட்டி, ஃபோனை மை டப்பா மேல் சாய்த்து வைத்தேன். புதுப்பிக்கும் நேரத்தை ஒரு விநாடியாகக் குறைத்தேன். அதற்குச் சின்ன எழுத்து டி அழுத்தி 1 என்று கொடுத்தால் போதும்.

விரிதாளில் ஆவணி மாதத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-சி. ஃபோனில் க்னோம்-ஷெல் 3 லிருந்து 99க்குத் தாவியது. நான்கு சுற்று அங்கேயே நின்றது. பிறகு 4. ஒரு கோர் மட்டும்தான் நிரம்பியது, மற்ற மூன்றும் சும்மா இருந்தன. விரிதாள் ப்ரோக்ராம் பட்டியலில் எங்கோ கீழே, 2 சதவீதத்தில். இன்னொரு தடவை அழுத்தினேன், அதே நான்கு சுற்று. டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரே ஒரு எழுத்தைக் காப்பி செய்தேன். அதற்கும் நான்கு சுற்று! மூன்று நாளாக விரிதாள்மேல் வைத்திருந்த சந்தேகம் அந்த ஒற்றை எழுத்தோடு தீர்ந்தது. எவ்வளவு காப்பி செய்கிறேன் என்பது விஷயமே இல்லை, காப்பி செய்கிறேன் என்பதுதான் விஷயம்.

க்னோமில் ஒரு ப்ராசஸுக்குள் பல பேர் குடியிருக்கிறார்கள். க்னோம்-ஷெல் என்ற பெயரில் சாளரங்களைத் திரையில் சேர்த்து வரையும் வேலையும் நடக்கிறது, மேல் பட்டை, அறிவிப்புகளும் அதற்குள்தான். கூடுதல் வசதிக்காக நாம் விரும்பி நிறுவும் எக்ஸ்டென்ஷன்களும் அதே ப்ராசஸுக்குள் ஜாவாஸ்க்ரிப்ட்டாக ஓடுகின்றன. எந்த எக்ஸ்டென்ஷன் சிபியூவைத் தின்றாலும் டாப்பில் வருவது க்னோம்-ஷெல்லின் பெயர்தான். அந்த ஜாவாஸ்க்ரிப்ட் எல்லாம் ஒரே முதன்மை த்ரெட்டில் ஓடுவதால், ஒரு எக்ஸ்டென்ஷன் நான்கு விநாடி எடுத்துக்கொண்டால் மொத்த டெஸ்க்டாப்பும் நான்கு விநாடி காத்திருக்கும். ஒரு கோர் மட்டும் நிரம்பியதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற செயலியைத் திறந்தால் எல்லாவற்றையும் சேர்த்து அணைக்க ஒரே சுவிட்ச் இருக்கும். முதலில் அதை அணைத்துப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் எக்ஸ்டென்ஷன்தான். என்னிடம் ஒன்பது இருந்தன. ஒன்றொன்றாகப் பார்க்காமல் பாதி பாதியாகப் பிரித்தேன். ஐந்தை ஏற்றினேன், உறைந்தது. அந்த ஐந்தில் இரண்டை மட்டும் விட்டேன், உறையவில்லை. மீதி மூன்றில் ஒன்றை ஏற்றினேன், உறைந்தது. கிளிப்போர்டு வரலாற்றை, அதாவது இதுவரை காப்பி செய்தவற்றை, சேமித்து வைக்கும் எக்ஸ்டென்ஷன் அது.

வேலைக்கு வசதி என்று நானே நிறுவியது. கடைசி 500 காப்பிகளை நினைவில் வைக்கும்படி அமைப்பை மாற்றியதும் நான்தான். ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கான பஞ்சாங்க வரிசைகளை மொத்தமாகக் காப்பி செய்வேன். எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட். ‘கொ’ போன்ற ஒரு எழுத்தே இரண்டு குறி, ஆக 6 பைட். வரலாற்றுக் கோப்பு 38 எம்பிக்கு வளர்ந்திருந்தது. புதிதாக ஒரு எழுத்து சேர்ந்தாலும் அந்த எக்ஸ்டென்ஷன் கோப்பு முழுவதையும் மறுபடி எழுதி, மெனுவில் 500 வரிகளையும் மறுபடி கட்டியது. வரலாற்றை அழித்து 20 என்று வைத்ததும் திரை நிற்பது நின்றது. அன்று இரவு ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எக்ஸ்டென்ஷனை அணைத்தும் க்னோம்-ஷெல் இறங்கவில்லை என்றால்

அடுத்துப் பார்க்க வேண்டியது கிராபிக்ஸ். அமைப்புகளில் ‘அபௌட்’ பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரி இருக்கும், புதிய பதிப்புகளில் ‘சிஸ்டம் டீட்டெயில்ஸ்’ என்பதை ஒருமுறை சொடுக்க வேண்டும். அங்கே உங்கள் கிராபிக்ஸ் சிப்பின் பெயருக்குப் பதில் ‘எல்எல்விஎம்பைப்’ என்றோ ‘சாஃப்ட்வேர் ரெண்டரிங்’ என்றோ இருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. கிராபிக்ஸ் சிப் வேலை செய்யவில்லை, அது வரைய வேண்டிய ஒவ்வொரு புள்ளியையும் சிபியூ வரைந்துகொண்டிருக்கிறது. ஒரு சாளரத்தை இழுத்தாலே எல்லா கோரும் சேர்ந்து ஏறும். எக்ஸ்டென்ஷன் மாட்டிக்கொண்டால் ஒரு கோர், இங்கே எல்லா கோரும்.

என் தம்பி வீட்டு மெஷினில் இப்படித்தான் ஆனது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டது. கெர்னல் அப்டேட் வந்த மறுநாள் காலை மெஷின் ஆமையாகிவிட்டது. கார்டை இயக்கும் டிரைவர் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துண்டு) புதிய கெர்னலுக்குக் கட்டப்படவில்லை. பூட் ஆகும்போது க்ரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தோம், எல்லாம் பழையபடி ஓடியது. அதிலேயே இருந்துகொண்டு டிரைவரை மறுபடி நிறுவினோம். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இயங்கும் மெஷினில் கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது, அதையும் கவனியுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் லினக்ஸ் ஓட்டுபவர்கள் 3டி ஆக்சிலரேஷனை இயக்காவிட்டாலும் இதே நிலைதான்.

நீங்கள் ஒன்றும் செய்யாதபோது ஏறினால்

பெரும்பாலும் கோப்பு தேடலுக்கான இன்டெக்ஸர். க்னோமில் பெயர் ட்ராக்கர்-மைனர், க்னோம் 47லிருந்து லோக்கல்சர்ச். வேறு டெஸ்க்டாப்களும் உண்டு, கேடிஇ பிளாஸ்மாவில் பலூ. எக்ஸ்எஃப்சிஇயில் சிறுபடம் தயாரிக்கும் டம்ப்ளர் இப்படி மாட்டும், குறிப்பாக வீடியோக்கள் நிறைந்த கோப்பகத்தைத் திறந்தால். நிறையக் கோப்புகளை ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்தால் இவை சில மணி நேரம் உழைப்பது நியாயம். சார்ஜரில் போட்டுவிட்டு விட்டுவிடுங்கள், முடித்துவிடும். டாப்பில் ‘என்ஐ’ என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே 19 போன்ற எண் இருந்தால் அந்த ப்ராசஸ் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓடுகிறது, உங்கள் வேலையைத் தடுக்காது.

ஆனால் நாள்கணக்கில் ஓடினால் ஏதோ ஒரு கோப்பில் சிக்கியிருக்கிறது. எந்தக் கோப்பு என்று கண்டுபிடிக்கலாம். டாப்பில் முதல் பத்தியில் உள்ள ப்ராசஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிஸ்டத்தின் வேரில் உள்ள ப்ராக் கோப்பகத்துக்குள் அதே எண்ணில் ஒரு கோப்பகம் இருக்கும், அதற்குள் ‘எஃப்டி’ என்று இன்னொன்று. அந்த ப்ராசஸ் இப்போது திறந்து வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் அங்கே இணைப்புகளாக இருக்கும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னொரு நிமிஷம் கழித்தும் பாருங்கள். அதே கோப்பே நின்றால் சிக்கியது அதுதான். எனக்கு அப்படிக் கிடைத்தது ஒரு வாடிக்கையாளர் பென் டிரைவில் கொடுத்த பிடிஎஃப், பாதி ஏறியதும் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அதை நீக்கியதும் இன்டெக்ஸர் அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

எனக்கு இன்டெக்ஸரை மொத்தமாக அணைப்பதில் விருப்பமில்லை. மூன்று ஆண்டு முந்தைய ஒரு கோப்பை இரண்டு சொல் அடித்து எடுக்க முடிகிறதென்றால் அதன் உழைப்பால்தான். தேவையில்லாத இடங்களை மட்டும் விலக்குங்கள். அமைப்புகளில் ‘சர்ச்’ பகுதியில் ‘சர்ச் லொகேஷன்ஸ்’ இருக்கிறது. ஒரு கோப்பகத்தை மட்டும் விலக்க, அதற்குள் புள்ளியில் தொடங்கி நோமீடியா என்று பெயரிட்ட காலிக் கோப்பு ஒன்றைப் போட்டாலும் ட்ராக்கர் அதைத் தாண்டிப் போய்விடும். என் பழைய காலண்டர் படங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன.

உலாவி மேலே நின்றால் வேலை சுலபம். ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் ‘அபௌட்’, முக்காற்புள்ளி, ‘ப்ராசசஸ்’ என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். குரோமில் ஷிஃப்ட்-எஸ்கேப். எந்த டேப் என்று பெயரோடு வரும், மூடிவிடலாம்.

‘கேஸ்வாப்டி’ மேலே இருந்தால் நினைவகம் போதவில்லை என்று பொருள், சிபியூ பக்கம் தேட வேண்டாம். ‘கேவொர்க்கர்’ விடாமல் ஏறி நின்றால் பெரும்பாலும் ஏதாவது ஹார்டுவேர் கெர்னலை ஓயாமல் கூப்பிடுகிறது. யுஎஸ்பியில் செருகியதை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.

பட்டியலில் குற்றவாளியே இல்லை, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று ஒரு நிலை உண்டு. இதில் ஏமாறுவது எளிது. சிபியூ சதவீதம் என்பது இப்போதைய வேகத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதுதான். வேகமே விழுந்துவிட்டால் வழக்கமான வேலைக்கே 100% ஆகிவிடும். ப்ராக் கோப்பகத்தில் சிபியூஇன்ஃபோ என்ற கோப்பில் ஒவ்வொரு கோரின் வேகமும் மெகாஹெர்ட்ஸில் இருக்கும். வேலை நடக்கும்போது 2000க்கு மேல் போக வேண்டிய மெஷினில் 800 என்றே நின்றால் வெப்பத்தையும் சார்ஜரையும் பாருங்கள். வெப்பத்துக்கு ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளை உண்டு. 90 டிகிரிக்கு மேல் நின்றால் ஃபேனைத் திறந்து தூசி எடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் காகிதத் தூசி அதிகம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் எடுக்கிறேன். சார்ஜர் விஷயம் பலருக்குத் தெரியாது. சில லேப்டாப்கள் தங்களுக்குரிய சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் சிபியூ வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். பக்கத்து அச்சகத்தில் ஒரு மெஷின் புது சார்ஜர் வாங்கிய நாளிலிருந்து மந்தமாகி, ஃபார்மேட் வரை போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் வேகம் திரும்பியது. அந்த ஒரு சோதனைக்கு அரை நிமிஷம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே அமைதியாக இருந்தால் பிரச்சினை உங்கள் ஹோம் கோப்பகத்தில் உள்ள ஏதோ ஓர் அமைப்பில். அங்கேயும் ஏறினால் சிஸ்டத்தில். மொத்தமாக மறுபடி நிறுவுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், ஒரு நாள் வேலை மிச்சமாகலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். டாப்பில் கே அழுத்தி ப்ராசஸைக் கொல்லலாம். முதலில் 15 என்ற சிக்னலை அனுப்புங்கள், அது ‘முடித்துக்கொள்’ என்று சொல்வது. கேட்காவிட்டால்தான் 9. ஆனால் வேலண்டில் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை, பழையது எக்ஸ்11) இருக்கும்போது க்னோம்-ஷெல்லைக் கொல்லவே கொல்லாதீர்கள். திறந்திருக்கும் சாளரங்கள் எல்லாம் அதோடு போய்விடும், சேமிக்காத பக்கமும் போய்விடும். பழைய எக்ஸ்11இல் ஆல்ட்-எஃப்2 அழுத்தி ஆர் என்று கொடுத்தால் ஷெல் மட்டும் மறுபடி தொடங்கும், வேலண்டில் அது நடக்காது. எந்தச் செஷனில் இருக்கிறீர்கள் என்பதும் அதே ‘அபௌட்’ பக்கத்தில் இருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகு அந்த எக்ஸ்டென்ஷனை எழுதியவருக்கு ஒரு புகார்க் குறிப்பு அனுப்பினேன். உபுண்டு, க்னோம் பதிப்பு எண்கள், வரலாற்றுக் கோப்பின் அளவு, ஒரு எழுத்தைக் காப்பி செய்தாலும் நான்கு விநாடி என்ற சோதனை, வரலாற்றைக் குறைத்ததும் சரியானது என்ற தகவல். மொத்தம் ஏழு வரி. இரண்டு நாளில் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் கோப்பு முழுவதையும் எழுதாமல் புதிய வரியை மட்டும் கடைசியில் சேர்க்கும்படி மாற்றியிருந்தார். இப்போது மறுபடி 200 வைத்திருக்கிறேன்.